கிரான்பெர்ரி வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டி: வரலாறு

கிரான்பெர்ரி வென்ஸ்லிடேல் என்பது இங்கிலாந்தின் வட யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் தோன்றிய பாலாடைக்கட்டியுடன், உலர்த்திய கிரான்பெர்ரிப் பழங்களைக் கலந்து செய்யப்படும் பாலாடைக்கட்டி வகையாகும். வெண்ணிறக் கட்டியில் சிவப்புப் பழங்கள் பதிந்திருப்பதால் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். இதே முறையில் ஆப்ரிகாட் பழம், இஞ்சி ஆகியவற்றைச் சேர்த்த வகைகளும் உண்டு. கிறிஸ்துமஸ் காலத்தில் இவற்றின் விற்பனை மிகுதி.

பழம் கலந்த இந்த வகையைச் சிலர் விரும்புகின்றனர். சிலர் இது மரபைக் கெடுக்கும் வணிகத் தந்திரம் என்று ஒதுக்குகின்றனர். எது சரி என்று முடிவு செய்வதற்கு முன்பு, அந்த மரபு என்ன, அது எத்தனை முறை மாறியது, எத்தனை முறை அழிவின் விளிம்புக்குச் சென்று திரும்பியது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இக்கட்டுரை அந்த வரலாற்றைக் கூறுகிறது.

பெயரும் இடமும்

யார்க்‌ஷயரில் பள்ளத்தாக்கை 'டேல்' என்பர். அங்குள்ள பெரும்பாலான பள்ளத்தாக்குகள் தம்மில் ஓடும் ஆற்றின் பெயரையே பெற்றுள்ளன. வென்ஸ்லிடேல் இதற்கு விதிவிலக்கு. இங்கு ஓடும் ஆற்றின் பெயர் யூர். பள்ளத்தாக்கோ வென்ஸ்லி என்னும் சிற்றூரின் பெயரால் அழைக்கப்படுகிறது. இடைக்காலத்தில் வென்ஸ்லி ஒரு சந்தை ஊராக இருந்தது. 1563-இல் கொள்ளைநோய் தாக்கியதால் அது நலிவுற்றது. ஊர் சிறுத்தாலும் பெயர் பள்ளத்தாக்கோடும் பாலாடைக்கட்டியோடும் தங்கிவிட்டது.

இது சுண்ணாம்புப் பாறைகள் நிறைந்த மேட்டுநிலம். குளிரும் மழையும் மிகுதி. உழவைவிடப் புல்வெளியும் மேய்ச்சலும்தான் இந்நிலத்துக்குப் பொருந்தும். ஆகவே கால்நடை வளர்ப்பே மக்களின் முதன்மைத் தொழிலாக இருந்தது. கோடையில் புல் செழித்துப் பால் பெருகும்; குளிர்காலத்தில் பால் குறையும். பெருகிய பாலைக் கெடாமல் காத்துவைக்கும் வழியாகவே பாலாடைக்கட்டி இங்கு வேரூன்றியது.

துறவியர் மடமும் பாலாடைக்கட்டியும்

1145-ஆம் ஆண்டளவில் பிரான்சிலிருந்து வந்த துறவியர், இப்பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் ஃபோர்ஸ் என்னும் இடத்தில் ஒரு மடம் அமைத்தனர். அவர்கள் விரைவில் சிஸ்டர்சியன் சபையுடன் இணைந்தனர். ஃபோர்ஸ் கடுங்குளிர் நிலவிய, விளைச்சல் குறைந்த இடமாக இருந்ததால், 1156-இல் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதிக்கு மாறினர். அங்கு எழுந்ததே ஜெர்வோ மடம். 'ஜெர்வோ' என்பது யூர் பள்ளத்தாக்கு என்ற பொருளை உடைய பிரெஞ்சு வடிவப் பெயர்.

சிஸ்டர்சியன் துறவியர் இறைச்சி உண்பதைத் தவிர்த்தனர். ஆதலால் பாலும் பாலாடைக்கட்டியும் அவர்களுக்கு முக்கிய உணவாக இருந்தன. அவர்கள் பெரும் ஆட்டு மந்தைகளை வளர்த்தனர். பிரான்சில் தாம் அறிந்திருந்த செய்முறையை அவர்களே இங்குக் கொண்டுவந்தனர் என்பது இப்பகுதியின் மரபுவழிச் செய்தி. தொடக்கத்தில் இக்கட்டி செம்மறியாட்டுப் பாலில் செய்யப்பட்டது. நீலப் பூஞ்சை படர்ந்ததாகவும் இருந்தது.

1536 முதல் மன்னர் எட்டாம் ஹென்றி இங்கிலாந்தின் துறவியர் மடங்களைக் கலைக்கத் தொடங்கினார். அதை எதிர்த்து வட இங்கிலாந்தில் பெரும் கிளர்ச்சி மூண்டது. அதில் ஈடுபட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜெர்வோ மடத்தின் கடைசித் தலைவர் ஆடம் செட்பார், 1537-இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டார். லண்டன் கோபுரச் சிறையின் சுவரில் பொறிக்கப்பட்ட அவரது பெயரை இன்றும் காணலாம். மடம் இடிக்கப்பட்டது. அதன் இடிபாடுகள் இப்போதும் உள்ளன.

மடம் அழிந்தாலும் செய்முறை அழியவில்லை. அது பள்ளத்தாக்கின் பண்ணை வீடுகளுக்குச் சென்று சேர்ந்தது. வென்ஸ்லிடேல் கடந்துவந்த முதல் நெருக்கடி இதுவே.

பண்ணை வீட்டுப் பெண்களின் கையில்

அடுத்த முந்நூற்றைம்பது ஆண்டுகள் இத்தொழிலைக் காத்தவர்கள் உழவர் குடும்பத்துப் பெண்கள். அவர்களது பெயர்கள் வரலாற்றில் பெரும்பாலும் பதிவாகவில்லை. தாயிடமிருந்து மகளும் மாமியாரிடமிருந்து மருமகளும் கற்றுக்கொண்ட கைத்தொழிலாக இது தொடர்ந்தது. புல் செழிக்கும் மாதங்களில் காலையும் மாலையும் கறந்த பாலை உறையவைத்து, பிழிந்து, துணி சுற்றி, நிலவறைகளில் அடுக்கி வைப்பர். குளிர்காலத்துக்கு முன் அவற்றை வணிகர்களிடம் விற்பர்.

இக்காலத்தில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்து முடிந்தது. ஆட்டுப்பாலின் இடத்தைப் படிப்படியாகப் பசும்பால் பிடித்தது. இன்று 'பழைமையான வென்ஸ்லிடேல்' என்று கூறப்படுவது பெரும்பாலும் பசும்பால் கட்டியே. துறவியர் செய்த கட்டியிலிருந்து இது முற்றிலும் வேறுபட்டது என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

முதல் ஆலை

1878-இல் பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் உள்ள ஹாஸ் என்னும் சந்தை ஊருக்குத் தொடர்வண்டி வந்தது. பாலையும் பாலாடைக்கட்டியையும் தொலைவிலுள்ள நகரங்களுக்கு அனுப்புவது எளிதாயிற்று. ஆனால் நகரத்து வணிகர்கள் ஒரே தரத்தில் தொடர்ந்து சரக்கு கேட்டனர். பண்ணைக்குப் பண்ணை சுவை மாறும் கைத்தொழிலால் அதைத் தர இயலவில்லை.

ஹாஸ் ஊரின் தானிய வணிகரான எட்வர்டு சாப்மன், 1897-இல் இதற்கு ஒரு வழி கண்டார். சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்து பாலை வாங்கி, ஒரே இடத்தில் பெருமளவில் வென்ஸ்லிடேல் செய்யத் தொடங்கினார். இதுவே வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டியின் முதல் ஆலை. வீட்டுத் தொழில் ஆலைத் தொழிலாக மாறிய இடம் இது. இருபதாம் நூற்றாண்டில் நீலப் பூஞ்சை படர்ந்த பழைய வகை அருகி, இளம் வெண்கட்டியே பொதுவழக்காயிற்று.

கிட் கால்வர்ட்

1930-களின் உலகப் பொருளாதார மந்தம் இந்த ஆலையையும் தாக்கியது. விற்பனை சரிந்ததால், பால் தந்த உழவர்களுக்குப் பணம் கொடுக்க முடியாமல் ஆலை கடனில் மூழ்கியது. 1933-இல் இங்கிலாந்தில் பால் சந்தைப்படுத்தும் வாரியம் அமைக்கப்பட்டது. உழவர்களின் பாலை வாங்கி, விலையை ஒழுங்குபடுத்துவது அதன் பணி. பள்ளத்தாக்கின் பால் முழுவதும் வெளியூர்ப் பால் நிறுவனத்துக்குச் செல்ல வேண்டிய நிலை உருவாயிற்று. உழவருக்குப் பணம் உறுதி; ஆனால் ஊரின் பாலாடைக்கட்டித் தொழில் நின்றுவிடும்.

அப்போது எதிர்த்து நின்றவர் கிட் கால்வர்ட் (1903–1984). பள்ளத்தாக்கிலேயே பிறந்து வளர்ந்த எளிய மனிதர். 1935-இல் ஹாஸ் ஊர் மண்டபத்தில் கூட்டம் கூட்டி, உள்ளூர் மக்களிடம் பங்குத் தொகை திரட்டி, ஆலையை மீட்டார். அதன்பின் பல ஆண்டுகள் அதை நடத்தினார். ஊரில் ஒரு பழைய புத்தகக் கடையையும் வைத்திருந்த அவர், விவிலியத்தின் சில பகுதிகளை யார்க்‌ஷயர் வட்டார வழக்கில் எழுதியவரும் ஆவார். தம் ஊர்ப் பேச்சையும் தம் ஊர்ப் பாலாடைக்கட்டியையும் அவர் ஒரே அன்போடு காத்தார் எனலாம்.

போர்க்காலப் பங்கீடு

இரண்டாம் உலகப் போர் வென்ஸ்லிடேலுக்கு மற்றொரு சோதனையாக வந்தது. பிரித்தானிய உணவு அமைச்சகம் பாலாடைக்கட்டியைப் பங்கீட்டுப் பொருளாக்கியது. 1941-இல் ஒரு கட்டத்தில் ஒருவருக்கு வாரத்துக்கு 1 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 28 கிராம் மட்டுமே கிடைத்தது. நீண்ட நாள் கெடாத, எளிதாக வெட்டிப் பங்கிடக்கூடிய செடார் போன்ற கெட்டி வகைக்கே அரசு முன்னுரிமை அளித்தது. ஈரப்பதம் மிக்கதும் எளிதில் உதிர்வதுமான வென்ஸ்லிடேல் அதற்குப் பொருந்தவில்லை.

நாட்டின் பல வட்டார வகைகள் இக்காலத்தில் நலிந்தன. பங்கீடு 1954 வரை நீடித்ததால், பழைய சுவையை அறியாத ஒரு தலைமுறையே வளர்ந்தது. பண்ணை வீடுகளில் பாலாடைக்கட்டி செய்த குடும்பங்கள் பல, போருக்குப் பின் அத்தொழிலுக்குத் திரும்பவில்லை. பாலாக விற்பதே அவர்களுக்கு எளிதாகவும் வருமானம் தருவதாகவும் இருந்தது. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1945-இல் ஆங்கிலேய உணவைப் பற்றி எழுதிய கட்டுரையில், ஸ்டில்டனுக்கு அடுத்த நிலையில் வென்ஸ்லிடேலை வைத்துப் புகழ்ந்தார். அவர் அதை எழுதிய வேளையில் பாலாடைக்கட்டிக்கு இன்னும் பங்கீடு நடைமுறையில் இருந்தது.

ஹாஸ் ஆலை தாக்குப்பிடித்தது. கால்வர்ட் ஓய்வை நெருங்கிய நிலையில், 1966-இல் ஆலை பால் சந்தைப்படுத்தும் வாரியத்துக்கு விற்கப்பட்டது.

1992: மூடலும் மீட்பும்

வாரியத்தின் துணை நிறுவனமான டெய்ரி கிரெஸ்ட், 1992 மே மாதத்தில் ஹாஸ் ஆலையை மூடியது. 59 பேர் வேலை இழந்தனர். வேறு தொழிற்சாலைகள் இல்லாத ஒரு சிறிய மலையூரில் 59 வேலைகள் என்பது பல குடும்பங்களின் வாழ்வாதாரம்.

அதைவிடவும் மக்களைப் புண்படுத்தியது, உற்பத்தி லங்காஷயருக்கு மாற்றப்பட்டதுதான். யார்க்‌ஷயருக்கும் லங்காஷயருக்கும் இடையே நீண்டகாலப் போட்டி உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரியணைக்காக யார்க், லங்காஸ்டர் என்னும் இரு அரச குலங்கள் போரிட்டன. அப்பகைமையின் நினைவு, இரு மாவட்டங்களுக்கு இடையிலான கிரிக்கெட் ஆட்டங்களில்கூட இன்றும் வெளிப்படும். அத்தகைய லங்காஷயரில் வென்ஸ்லிடேல் செய்யப்படும் என்றதை யார்க்‌ஷயர் மக்கள் பெரும் அவமதிப்பாகவே கருதினர்.

ஆலையின் முன்னாள் மேலாளர்கள் சிலர், ஓர் உள்ளூர்த் தொழிலதிபருடன் சேர்ந்து ஆலையை விலைக்கு வாங்க முயன்றனர். மக்களும் துணை நின்றனர். 1992 நவம்பரில் ஆலை அவர்கள் கைக்கு வந்தது. டிசம்பரில், பழைய பணியாளர்கள் சிலரைக் கொண்டு மீண்டும் பாலாடைக்கட்டி செய்யத் தொடங்கினர். ஏழு மாதங்கள் அணைந்திருந்த அடுப்பு மறுபடியும் எரிந்தது.

ஆனால் ஆலையைத் திறப்பது ஒன்று. அதை நடத்துவது வேறு. பெரிய நிறுவனங்களின் மலிவான செடார் கட்டிகளோடு ஒரு சிறிய மலையூர் ஆலை விலையில் போட்டியிட முடியாது. மற்றவர்களிடம் இல்லாத ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஆலைக்குள் பார்வையாளர்களை அனுமதித்து, செய்முறையை நேரில் காட்டினர்; சுற்றுலாப் பயணிகள் வந்தனர். பழம் கலந்த வகைகளும் இக்காலத்திலேயே பரவலாக விற்பனைக்கு வந்தன.

திரைப்படம் செய்த உதவி

எதிர்பாராத உதவி ஒன்று திரைப்படத்திலிருந்து வந்தது. நிக் பார்க் என்னும் இயக்குநர், களிமண் பொம்மைகளைக் கொண்டு 'வாலஸ் அண்டு குரோமிட்' என்னும் படத்தொடரை உருவாக்கினார். அதன் முதல் படம் 1989-இல் வெளிவந்தது. அதன் நாயகன் வாலஸ் பாலாடைக்கட்டிப் பிரியர். 1995-இல் வந்த படத்தில் வென்ஸ்லிடேல் மீதான அவரது விருப்பம் உலகம் முழுவதும் தெரிந்தது.

வென்ஸ்லிடேல் என்ற சொல்லை உச்சரிக்கும்போது பொம்மையின் வாய் அழகாக விரிகிறது என்பதற்காகவே நிக் பார்க் அப்பெயரைத் தேர்ந்தார். ஆலையின் இக்கட்டு அவருக்குத் தெரியாது. பின்னர் ஆலை முறைப்படி உரிமம் பெற்று, அப்பாத்திரங்களின் படத்தைத் தன் பொருள்களில் அச்சிட்டது. 2005-இல் முழுநீளப் படம் வெளியானபோதும் விற்பனை உயர்ந்தது.

பழம் சேர்ந்த காரணம்

பாலாடைக்கட்டியில் வேறு சுவை சேர்ப்பது இங்கிலாந்துக்குப் புதிதல்ல. டார்பிஷயரில் சேஜ் என்னும் மணமூலிகையைக் கலந்து செய்யும் பச்சை நிறப் பாலாடைக்கட்டி பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே உள்ளது. பழத்தோடு சேர்த்து உண்பதும் பழைய வழக்கமே. யார்க்‌ஷயர் மக்கள் ஆப்பிள் பையோடு ஒரு துண்டு வென்ஸ்லிடேலை வைத்து உண்பர். கிறிஸ்துமஸ் காலத்தில் உலர்திராட்சையும் இலவங்கப்பட்டை, சாதிக்காய் போன்ற நறுமணப் பொருள்களும் சேர்ந்த பழக்கேக்கை வென்ஸ்லிடேலோடு உண்பதும் அவர்களின் நெடுநாள் வழக்கம்.

உப்பும் புளிப்பும் இனிப்பும் சேரும்போது ஒன்றின் சுவையை மற்றொன்று தூக்கிக் காட்டும். கொய்யாப்பழத்துக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொள்ளும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. தட்டில் தனித்தனியே இருந்த பழத்தையும் பாலாடைக்கட்டியையும் ஆலை ஒரே கட்டிக்குள் சேர்த்தது என்றே கூறலாம்.

ஆனால் கிரான்பெர்ரி யார்க்‌ஷயர் பழம் அல்ல. வணிகத்தில் பயன்படும் பெரிய வகைக் கிரான்பெர்ரி வட அமெரிக்காவைச் சேர்ந்தது. சதுப்பான வயல்களில் படரும் கொடியில் காய்க்கும். அறுவடைக் காலத்தில் வயலில் நீரைத் தேக்கிக் கொடிகளை அசைத்தால், உள்ளே காற்றறைகள் உள்ள பழங்கள் மிதந்து மேலே வரும். பழம் மிகவும் புளிப்பானது. ஆதலால் சர்க்கரை ஏற்றி உலர்த்திப் பயன்படுத்துகின்றனர்.

செய்முறை

நாம் அறிந்த பன்னீர், சூடான பாலில் எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பைச் சேர்த்துத் திரியவைத்துச் செய்யப்படுவது. அதை முதிரவைப்பதில்லை. வென்ஸ்லிடேல் போன்றவற்றின் செய்முறை வேறு. அதன் படிகள் சுருக்கமாக:

1. பால் சூடாக்கப்பட்டுக் கிருமிகள் நீக்கப்படும்.
2. லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் சேர்க்கப்படும். தயிருக்கு உறை ஊற்றுவது போன்றது இது.
3. ரென்னெட் என்னும் உறையூக்கி நொதி சேர்க்கப்படும். பால் மென்மையான திரளாக உறையும்.
4. திரள் சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, பிரியும் நீர் வடிக்கப்படும்.
5. உப்பிட்டு, உதிர்த்து, அச்சுகளில் இட்டு அழுத்தப்படும்.
6. குளிர்ந்த அறையில் முதிரவைக்கப்படும். இளங்கட்டி சில வாரங்களில் ஆயத்தமாகும். முதிர்ந்த வகைக்குப் பல மாதங்கள் தேவை.

ஒரு கிலோ பாலாடைக்கட்டிக்கு ஏறத்தாழ 10 லிட்டர் பால் தேவைப்படும்.

பழம் சேர்க்கும்போது, இளம் வென்ஸ்லிடேல் கட்டியை உதிர்த்து, உலர்த்திய கிரான்பெர்ரிப் பழங்களைச் சீராகக் கலந்து, மீண்டும் அழுத்திக் கட்டியாக்குகின்றனர். ஈரப்பதமும் உதிரும் தன்மையும் உள்ளதால் வென்ஸ்லிடேல் மறுபடியும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். அதன் மென்மையான புளிப்பு பழத்தின் சுவையை மறைக்காது. போர்க்காலத்தில் எந்த உதிரும் தன்மை அதற்குக் குறையாகக் கருதப்பட்டதோ, அதுவே இங்கு நிறையாயிற்று. இதே காரணத்தால் வெள்ளை ஸ்டில்டன் கட்டியிலும் மாம்பழம், இஞ்சி போன்றவை கலக்கப்படுகின்றன.

பெயர்ப் பாதுகாப்பும் இன்றைய நிலையும்

வென்ஸ்லிடேல் என்ற பெயரில் யாரும் எங்கும் பாலாடைக்கட்டி செய்யலாம் என்ற நிலையே 1992-இல் உற்பத்தியை வேறிடத்துக்கு மாற்ற வழிவகுத்தது. அதிலிருந்து பாடம் கற்ற ஹாஸ் ஆலையினர் சட்டப் பாதுகாப்பு கோரினர். 2013-இல் 'யார்க்‌ஷயர் வென்ஸ்லிடேல்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. பள்ளத்தாக்கின் வரையறுக்கப்பட்ட பகுதியில் செய்யப்படுவதை மட்டுமே இப்பெயரால் விற்கலாம். வெறும் 'வென்ஸ்லிடேல்' என்ற பெயருக்கு இக்கட்டுப்பாடு இல்லை. நமது திண்டுக்கல் பூட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஆகியவை பெற்றுள்ள புவிசார் குறியீட்டோடு இதை ஒப்பிட்டு மாணவர்கள் புரிந்துகொள்ளலாம்.

2021-இல் கனடாவைச் சேர்ந்த சபூட்டோ நிறுவனம், ஹாஸ் ஆலையை நடத்திய நிறுவனத்தை 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அப்போது அங்கு 200-க்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். இதே சபூட்டோ 2019-இல் டெய்ரி கிரெஸ்ட் நிறுவனத்தையும் வாங்கியிருந்தது. 1992-இல் ஆலையை மூடிய நிறுவனமும், மூடப்பட்ட ஆலையும் இன்று ஒரே குடையின்கீழ் உள்ளன.

மரபு என்பது எது?

கிரான்பெர்ரி வென்ஸ்லிடேல் மரபுக்கு மாறானது என்போரின் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. அமெரிக்கப் பழமும் சர்க்கரையும் கலந்த கட்டியில், புல்லின் மணத்தையும் பாலின் தனிச்சுவையையும் உணர்வது கடினம். இனிப்பான கட்டியை மட்டுமே அறிந்தவர்கள், கலப்பற்ற வென்ஸ்லிடேலின் சுவையை அறியாமலே போகலாம். இந்த இழப்பைச் சிறியதென்று தள்ள முடியாது.

ஆயினும் எந்தக் காலத்து வென்ஸ்லிடேலை நாம் 'அசல்' என்று கொள்வது? துறவியரின் ஆட்டுப்பால் கட்டியையா, பண்ணை வீட்டுப் பெண்களின் பசும்பால் கட்டியையா, சாப்மனின் ஆலைக் கட்டியையா? ஆட்டுப்பால் பசும்பாலாயிற்று; நீலம் வெண்மையாயிற்று; வீட்டுத்தொழில் ஆலைத்தொழிலாயிற்று. இவை ஒவ்வொன்றும் முந்தைய தலைமுறைக்குப் புதுமையாகவே தோன்றியிருக்கும்.

இத்தனை மாற்றங்களுக்கு இடையிலும் மாறாதது ஒன்று உண்டு. அது, அந்தப் பள்ளத்தாக்கின் பாலை அந்தப் பள்ளத்தாக்கிலேயே அங்குள்ளவர்கள் பாலாடைக்கட்டி ஆக்குவது. 1537-இலும் 1935-இலும் 1992-இலும் அறுந்துபோக இருந்தது அந்தத் தொடர்புதான். சரியான பழைய செய்முறையோடு லங்காஷயரில் செய்யப்பட்ட கட்டியை யார்க்‌ஷயர் மக்கள் ஏற்கவில்லை. வெளிநாட்டுப் பழம் கலந்திருந்தாலும் ஹாஸ் ஊரில் செய்யப்பட்டதைத் தமதாக ஏற்றுக்கொண்டனர். ஆலை இயங்குவதால் கலப்பற்ற வென்ஸ்லிடேலும் இன்றுவரை அங்கு செய்யப்படுகிறது. அதை விரும்புவோர் வாங்கிச் சுவைக்க முடிவதற்குப் பழம் கலந்த வகையின் விற்பனையும் ஒரு காரணம்.